சம்பளம் என்ற ஒற்றை எண்

"அண்ணே, ரெண்டு எடத்துல வேலை கெடச்சிருக்கு. ஒண்ணு யுனிவர்சிட்டி, ஒண்ணு கம்பனி. எங்க போறது?" மெல்பேர்ணுக்கு வந்து சேரும் இலங்கை மலையகத்து ஐ.டி. பிள்ளைகள் இப்படிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. லிந்துலைத் தோட்டத்தில் பிறந்து, இங்கே இரண்டு பக்கமும் வேலை செய்தவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்பார்கள்: கம்பனியில் முப்பதாயிரம் டொலர் கூட.

அந்த முப்பதாயிரத்தை முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். இங்கே பல கம்பனிகள் 'பெக்கேஜ்' என்று மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லும். ஓய்வுகாலச் சேமிப்பான சூப்பரும் அதற்குள் அடக்கம். 2025 ஜூலையிலிருந்து சட்டப்படி சூப்பர் 12 சதவீதம். ஆகவே 150,000 டொலர் பெக்கேஜில் சம்பளம் ஏறத்தாழ 133,900, மிச்சம் சூப்பர். பல்கலைக்கழகமோ சம்பளத்தைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் 17 சதவீதம் என்று போடும். 120,000 சம்பளத்துக்குச் சூப்பர் 20,400. இரண்டும் சேர்ந்து 140,400. முப்பதாயிரமாகத் தெரிந்த வித்தியாசம் பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

ஆனால் சூப்பர், 60 வயதுக்கு முன் பொதுவாகத் தொட முடியாத காசு. ஊரில் தங்கச்சி கல்யாணம், பாதியில் நிற்கும் வீடு என்று மாதாமாதம் அனுப்ப வேண்டியவனுக்குக் கைக்கு வருவதுதான் கணக்கு. அவனிடம் பல்கலைக்கழகத்தின் பெருமையைப் பேசிப் பயனில்லை.

எண்ணைப் பிரித்துப் பார்க்கும் புத்தி எனக்குத் தோட்டம் தந்தது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அதில் 900 அடிப்படை, 100 வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு. கொழும்பில் செய்தி படித்தவர்களுக்கு அது ஆயிரம் ரூபாய். மலையில் நின்றவர்களுக்கோ, பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோ கூடியது. நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. சம்பளம் கூட்டிக் கேட்ட போதெல்லாம் வீடு இருக்கிறதே, பிள்ளைக் காம்பரா இருக்கிறதே, மருந்து கொடுக்கிறோமே என்று பட்டியல் வாசிப்பது தோட்டக் கம்பனிகளுக்குப் பழகிய பதில். ஒழுகும் லயத்துக் காம்பராவும் அந்தப் பட்டியலில் ஒரு சலுகை.

அதனால் எந்தச் சலுகையைக் கண்டாலும் நான் கேட்பது ஒன்றே: இது எழுதி வைத்த உரிமையா, மனம் வைத்தால் தருவதா? இங்குள்ள ஐ.டி. கம்பனிகளில் மதியச் சாப்பாடு, போனஸ், வீட்டிலிருந்து வேலை என்று தருவதில் பெரும்பகுதி இரண்டாவது வகை. பங்குகள் கிடைத்தால் அதிர்ஷ்டமும் அடிக்கும். சிட்னியில் தொடங்கிய அட்லாசியன் 2015 டிசம்பரில் நாஸ்டாக் சந்தைக்குப் போனபோது, பங்கு வைத்திருந்த ஊழியர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. அதே கம்பனி 2023 மார்ச்சில் சுமார் 500 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது.

பல்கலைக்கழகத்தில் சம்பளப் படிநிலை, பிள்ளைப் பேற்று விடுப்பு, ஆட்குறைப்பு நட்டஈடு எல்லாமே கூட்டு ஒப்பந்தத்தில் அச்சாகி, யாரும் வாசிக்கக் கிடக்கும். ஆட்குறைப்புக்குச் சட்டம் தருவது அதிகபட்சம் 16 வாரச் சம்பளம். பல்கலைக்கழக ஒப்பந்தங்கள் பல அதைத் தாண்டிப் போகும். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு இலாபமும் உண்டு. தோட்டத் துரைக்கு முன்னால் தலை குனிந்து நின்றவர்களின் பிள்ளைகளுக்குப் பேரம் பேச வாய் வராது. கம்பனியில் இருந்தபோது சொன்ன தொகைக்குத் தலையாட்டினேன். பக்கத்து மேசைக்காரன் கேட்டு வாங்கியிருந்தான். சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்று வேலை ஒப்பந்தங்களில் எழுதும் வழக்கத்தை இங்குள்ள சட்டம் 2022 டிசம்பரில்தான் தடுத்தது. படிநிலை அச்சில் இருக்கும் இடத்தில் கூச்சத்துக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

அதற்காகப் பல்கலைக்கழகத்தைக் கோயிலாக்கவும் வேண்டாம். 2020இல் கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டு வெளிநாட்டு மாணவர் வருகை நின்றபோது, அரசாங்கத்தின் ஜொப்கீப்பர் சம்பள உதவி அரச பல்கலைக்கழகங்களுக்கு எட்டவில்லை. அந்த ஒரு வருடத்தில் 17,000க்கும் மேற்பட்ட வேலைகள் போயின. ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களும் தற்காலிகக்காரர்களும் முதலில் போனார்கள். மெல்பேர்ண் பல்கலைக்கழகமே குறைத்துக் கொடுத்த சம்பளத்துக்காக 72 மில்லியன் டொலர் திருப்பித் தர 2024இல் ஒப்புக்கொண்டது.

கூட்டு ஒப்பந்தம் என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பது மலையகத்தானுக்குத் தெரியாததல்ல. இரண்டு வருடத்துக்கொரு முறை ஆரவாரமாகக் கையெழுத்தான தோட்டத்து ஒப்பந்தம் 2019இல் தந்தது 700 ரூபாய் அடிப்படைச் சம்பளம். ஆயிரம் ரூபாய் அறிவிப்பு வந்ததும் கம்பனிகள் அந்த ஒப்பந்தத்தையே கைவிட்டன.

தம்பிமாருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். கடனும் வீட்டுக் கட்டாயமும் இருக்கும் வயதில் கம்பனிக்குப் போ. ஆனால் கேட்டு வாங்கு. குடும்பம், குழந்தை என்று ஆகி, காலம் நிதானமாக நடக்க வேண்டுமென்றால் பல்கலைக்கழகம். அங்கும் நிரந்தர வேலையா என்று பார்த்துச் சேர். எங்கே போனாலும் ஒப்பந்தத்தில் எழுதாத எதையும் சம்பளத்தோடு கூட்டாதே. பல்கலைக்கழகத்துக்குப் போனால் முதல் வாரமே தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிடு. அடுத்த ஒப்பந்தத்தை யாரோ எழுதத்தான் போகிறார்கள். எழுதுபவர்களில் உன் ஆட்களும் இருக்கட்டும்.