அக்காவின் கை

என் அக்கா சிரிக்கும்போது வலக்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். இந்தப் பழக்கம் அவளுக்கு எப்பொழுது வந்தது என்று எனக்குத் தெரியாது. மனித சுபாவத்தை நுணுக்கமாகக் கவனிக்கிறவன் என்று ஏதோ பெயர் வாங்கியிருக்கிற நான், கூடப் பிறந்தவளின் கையைக் கவனிக்கவில்லை. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடியிருந்த சமயம் ஆனைக்குட்டத்துக்குப் போயிருந்தேன். "என்னக்கா, புதுப்பொண்ணு மாதிரி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிற?" என்று கேலி செய்தேன். அவள் கையை எடுத்தாள். மேல் வரிசை முன்பற்கள் சில்லுச் சில்லாக மெலிந்து, ஓரம் பிசிறு தட்டி, உள்ளிருக்கும் மஞ்சள் தெரிந்தது.

"தண்ணி குடிச்சாக்கூடக் கூசுதுடா தம்பி" என்றாள்.

ஊரில் இதற்குக் காரணம் தயாராக இருந்தது: ஆலையில் மருந்து வேலை. இருபது வருஷமாக விடியற்காலையில் வேன் ஏறிப் போகிறவளுக்குப் பல் வேறு எதனால் கெடும்? நானும் அதை நம்பினேன். நம்பியதற்கு என் படிப்பும் ஒரு காரணம். 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்ததைப் பற்றிப் படித்திருக்கிறேன். வெள்ளை பாஸ்பரஸ் புகையினால் பல்வலியில் தொடங்கித் தாடை எலும்பே அழுகிப் போனது அந்தத் தொழிலின் சாபமாக இருந்தது. ஆனால் நம் நாட்டில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியை 1913-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதோ 1923-ல். அதுவும் அக்கா பார்ப்பது பட்டாசு வேலை. அரைகுறைப் படிப்பு எங்கேயோ இருந்த வியாதியைக் கொண்டுவந்து அக்காவின் வாயில் போட்டுவிட்டது.

சிவகாசிக்கு அழைத்துப் போனேன். பல் டாக்டரம்மா சிறு வயதுக்காரர். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார். "ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு ஏறி வருமாம்மா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அநேகமாகத் தினமும் வருமாம். வருஷக் கணக்காக.

வெளியிலிருந்து அமில ஆவி பட்டால் பல்லின் முன்பக்கம் தேயும் என்றார் டாக்டரம்மா. அக்காவுக்குத் தேய்ந்திருப்பது நாக்குப் படுகிற உள்பக்கம். அமிலம் வயிற்றிலிருந்து வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் இரண்டு டீ, நேரங்கெட்ட சாப்பாடு, பகலெல்லாம் குனிந்து வேலை, இரவு புளிக்குழம்பும் சோறும் உண்ட கையோடு படுக்கை. இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். ஒரு நல்ல துப்பறியும் கதையை நான் இதுவரை எழுதவில்லை. அந்த அரைமணியில் ஒன்றைக் கேட்டேன்.

பல்லை மூடியிருக்கும் எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாது. எலும்பு முறிந்தால் கூடும்; எனாமல் போனால் போனதுதான். அதைக் கட்டிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. புளிப்புப் பட்டதும் அதன் மேற்பரப்பு இளகும். உமிழ்நீர் தன்னிடமுள்ள சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பேட்டையும் கொடுத்து அதை மறுபடி இறுகச் செய்யப் பார்க்கும். அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அக்கா அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. புளித்த நீர் ஏறியதும் எழுந்து போய், வாய் நாறக் கூடாதே என்று உமிக்கரியை எடுத்துப் பரபரவென்று தேய்த்திருக்கிறாள். இளகிய சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்த மாதிரி.

"உடனே தேய்க்காதீங்க, தண்ணி விட்டுக் கொப்பளிச்சுத் துப்புங்க. ஒரு மணி நேரம் போகட்டும். அப்புறம் மெதுவான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட். உமிக்கரி வேண்டவே வேண்டாம்" என்றார். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும்; வயிற்றுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

எனக்கும் கிடைத்தது. எழுதும்போது எலுமிச்சம்பழச் சாற்றை மேஜையில் வைத்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக உறிஞ்சுகிறவன் நான். ஒரே மூச்சில் குடித்தால் பல்லுக்கு ஒரு தரம் அடி. உறிஞ்சிக் குடித்தால் நாற்பது தரமாம். மோர் குடிக்கச் சொன்னார். புளிப்புத்தான், ஆனால் அதிலேயே சுண்ணாம்புச் சத்து இருப்பதால் பல்லை அரிப்பதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், "ஏன்க்கா இத்தனை நாள் எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"நெஞ்செரிச்சல் யாருக்குத்தான் இல்ல? உனக்கு எழுத்து வேலை" என்றாள். நான் காலேஜில் சேர்ந்தபோது கட்டிய முதல் சம்பளம் அவளுடைய ஆலைக் கூலி. அப்போதும் சொல்லவில்லை.

போன எனாமல் வளராது. மேலே பூசிக் கட்டித் தரலாம், நாலைந்து தடவை வர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அக்கா விரல்விட்டு எண்ணினாள்.

"ஆலை திறக்கிறதுக்குள்ள முடிச்சிருவாங்களாடா?"