ஓடையில் போன சப்பாத்து

கல்லூரி மைதானத்தில் வெறுங்காலுடன் உதைபந்தாடிய எங்களுக்குச் சப்பாத்து என்பது பரிசளிப்பு விழாவுக்கு மாத்திரம் உரிய பொருள். மலையேறுவதற்கென ஒரு சோடியைத் தனியே வாங்கவேண்டும் என்னும் எண்ணம் ஐம்பது வயதின் பின்னரே எனக்கு உதித்தது. 2012 ஆம் ஆண்டில், மாதச் சம்பளத்தின் காற்பங்கைக் கொடுத்து, நீர் புகாதது எனக் கடைக்காரர் உறுதி கூறிய ஒன்றை வாங்கினேன். இருமுறை அணிந்துவிட்டு, விலையை எண்ணி அலுமாரியிற் பத்திரமாக வைத்தேன்.

2017 இல் வகுப்புத் தோழர் நால்வர் நக்கிள்ஸ் மலைத்தொடரில் உள்ள மீமுரைக்குச் சென்றோம். முழங்காலளவு நீர் விரைந்தோடும் ஓடை ஒன்றின் நடுவே எனது இடது சப்பாத்தின் அடி முழுவதும் கழன்று நீரோடு போயிற்று. காலடியில் பாசி படர்ந்த பாறை; பற்றுவதற்கு ஒன்றுமில்லை. முன்னே சென்ற நண்பர், "மச்சான், கையை விடாதே!" என்று என்னைப் பிடித்திராவிடின் இதனை எழுத நான் இருந்திருப்பேனோ அறியேன். அவர் அணிந்திருந்தது மலிவான கன்வஸ் சப்பாத்து. என் கணுக்கால் வீங்கியதால் மூவரும் பயணத்தைக் கைவிட்டுத் திரும்பினர். வலியிலும் பார்க்க அதுவே எனக்குப் பெரிதும் உறுத்தியது.

காரணத்தைப் பின்னரே அறிந்தேன். இத்தகைய சப்பாத்துகள் பலவற்றின் அடியினுள்ளே பொலியூரிதேன் என்னும் மென்பொருள் உண்டு. காற்றிலுள்ள ஈரம் அதனைச் சில ஆண்டுகளிற் சிதைத்துவிடும்; அணியாது வைத்திருப்பினும் சிதையும். நமது நாட்டு வெக்கையும் ஈரமும் அதனை விரைவுபடுத்துவன. பத்திரப்படுத்தியதே என் பிழையாயிற்று!

நீர் புகாமை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பனிக்கும் தூறலுக்கும் அது நன்று. ஆயின் ஓடையில் நீர் மேல்விளிம்பால் உட்புகுந்துவிட்டால், அதே தடுப்பு நீரை வெளியேறவிடாது. குடத்தைக் காலிற் கட்டி நடப்பது போலாகும். வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கப் படையினர் அணிந்த காட்டுச் சப்பாத்தில், கன்வஸ் மேற்புறமும் உட்பக்கத்தில் நீர் வடிய இரு சிறு துளைகளும் இருந்தன. நம் ஓடைகளுக்கு அந்த முறையே ஏற்றது. இன்று நான் அணிவதும் அவ்வகையே. ஓடையை அணுகியதும் மேசைக் கழற்றிவிட்டுச் சப்பாத்துடனேயே கடப்பேன். அக்கரையிற் காய்ந்த மேசு. அட்டைக்கு மாத்திரம் எந்தச் சப்பாத்தும் மருந்தன்று. சவர்க்காரத்தைக் காலிற் பூசிக்கொள்வேன்.

அடியைப் பொறுத்தவரை, ஒட்டியதிலும் தைத்ததே மேல்; தேய்ந்தால் மாற்றலாம். 1935 இல் அல்ப்ஸ் மலையில் ஆறு தோழர்களைப் பறிகொடுத்த விற்றாலே பிறமானி என்னும் இத்தாலியர், அவர்களது காலணியே குறையெனக் கண்டு, 1937 இல் ஆழ்ந்த வெட்டுகளுள்ள றப்பர் அடியை ஆக்கினார். ஆயினும் பாசிப் பாறையில் எந்த றப்பரையும் நம்பலாகாது; ஊன்றுகோல் வேண்டும். வாங்குவதாயின், கால் சற்றே வீங்கியிருக்கும் மாலைவேளையில், தடித்த மேசுடன் அணிந்து, சரிவில் இறங்கிப் பார்க்கவேண்டும். விரல்நுனி முன்னே முட்டினால் வேண்டாம்.

எனது புதிய சப்பாத்துக்கு நம்மூர்த் தொழிலாளி இருமுறை அடி மாற்றித் தந்துவிட்டார். அடுத்த விடுமுறையில் மீண்டும் மீமுரைக்குப் போக எண்ணியுள்ளோம். நண்பர் அதே கன்வஸ் சப்பாத்துடன்தான் வருவாராம்.