மதகில் தண்ணீர் இருந்தும்...



பழைய டீசல் எஞ்சினுக்கு டீசலும் காற்றும் ஒழுங்காகப் போனால் போதும், கிளம்பிவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கக் கட்டாயமான பி.எஸ். 6 விதிப்படி வரும் வண்டிகள் அப்படியல்ல. டீசலை எந்த நொடியில் பீய்ச்சுவது என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அதற்குக் கண், கிராங்க் சென்சார். பல எஞ்சின்களில் கிராங்க் ஷாப்டோடு சுற்றும் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும். 58 பல்தான் இருக்கும். பல் கடக்கக் கடக்க சென்சாரில் மின்துடிப்பு எழும். துடிப்பின் வேகம் எஞ்சினின் வேகத்தைச் சொல்லும். பல் இல்லாத இடைவெளி, பிஸ்டன் நிற்கும் இடத்தைக் காட்டும். துடிப்பு வராவிட்டால் ஸ்டார்ட்டர் எவ்வளவு சுற்றினாலும் பல எஞ்சின்கள் எடுக்காது.

சென்ற குறுவை அறுவடையில், பாபநாசம் பக்கம் ஒரு களத்தில் மினி லாரி அப்படித்தான் நின்றது. எங்கப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். 40 கிலோ மூட்டைகளை ஏற்றியாச்சு, வானமோ கருக்குது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்குப் பொதுவான வரம்பு 17 சதவீதம். நெல் நனைஞ்சா விவசாயியின் உழைப்பெல்லாம் போச்சு!

ஸ்டார்ட்டர் சுற்றியும் ஆர்.பி.எம். முள் அசையவில்லை. பட்டறை அண்ணன் ஸ்கேனரை மாட்டினார். வந்த கோட் நம்பர் பி 0335.

"கிராங்க் சென்சார் போச்சு தம்பி. தஞ்சாவூர்லேர்ந்து வரணும். நாளைக்குத்தான்."

"அண்ணே, அந்த நம்பர் சென்சார் சர்க்யூட்டுன்னுதானே சொல்லுது? அளந்து பாத்துடுவோமே" என்றேன்.

சாவியை அணைத்தோம். அது இரண்டு வயர் உள்ள காயில் சென்சார். மூன்று வயர் ஹால் சென்சாராக இருந்தால் ஓம் அளந்து பயனில்லை. சென்சாரைக் கழற்றி அதன் முனையில் மீட்டர் வைத்தேன்: 860 ஓம். காயில் அறுந்து போகவில்லை. சென்சாரை மறுபடி மாட்டிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்து சாக்கெட்டைக் கழற்றி அங்கிருந்து அளந்தேன். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை.

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்: "மதகுல தண்ணி இருக்கு, வயலுக்கு வரலன்னா, நடு வாய்க்கால்லதானடா நண்டு வளை இருக்கும்?"

அதேதான்! வயர் வழியே கையை ஓட்டினோம். நண்டு அல்ல, எலி! ராத்திரியெல்லாம் களத்தில் நின்ற வண்டியில் ஏறி ஒரு வயரைக் கடித்திருந்தது. அண்ணன் வயரைச் சேர்த்து, ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டார். மறுபடி அளந்தோம்: 860. சாவி திருப்பினதும் முள் எழுந்தது, எஞ்சின் எடுத்தது. முதல் தூறல் விழும் முன் மூட்டைகள் கொள்முதல் நிலையத்தில் இறங்கிவிட்டன.

நண்பர்களே! ஸ்கேனர் தெருப் பெயரைத்தான் சொல்லும். எந்த வீடு என்று நாம்தான் தேடணும். புதுப் பொருள் வாங்கச் சொல்லும் முன் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். மீட்டர் பிடிக்கத் தெரியாதவர் பேச்சையும் காது கொடுத்துக் கேளுங்கள். வகுப்பில் நாம் படிப்பதை வரப்பிலேயே படித்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்!