ஏற்ற மறுத்த குதிரைக்காரர்

மும்பையை அடுத்த மாதேரான் மலைக்குச் செல்வோரின் மோட்டார் கார்கள் தஸ்தூரி நாக்காவோடு நின்றுவிடும். அங்கிருந்து ஊருக்குள் குதிரையேறிச் செல்வோர் பலர்.

சென்ற கோடையில் நாங்கள் குழந்தைகளுடன் ஒரு குதிரைக்காரரை அணுகினோம். "இப்போதுதான் கொள்ளு தின்றது, சாகேப்; ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். அவசரமானால் வேறு குதிரை பாருங்கள்" என்று இந்தியில் சொன்னார். அன்று அவருக்கு அதுவரை ஒரு சவாரியும் கிட்டவில்லை. கூலியினும் குதிரையைப் பெரிதாக எண்ணிய அவரது உறுதி கண்டு, அங்கேயே காத்திருந்தோம்.

குதிரையின் உடல் பெரிதாயினும் இரைப்பை சிறிது. தீனியைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடவேண்டும். தின்றது ஒவ்வாவிடில் வாந்தியெடுக்க அதற்கு இயலாது. வயிற்றுவலியே உயிரைக் கொண்டுபோய்விடக் கூடும். குளம்போ நம் நகம்போல் வளர்வது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கொருமுறை அதைச் செதுக்கி லாடம் அடிக்கவேண்டும். சேணத்தின் அடியில் சிறு புண் கண்டாலும் ஆறும்வரை சவாரி கூடாது. அந்நாட்களில் வருமானமில்லை, தீனிச் செலவு மட்டும் குறைவதில்லை.

அன்பர்களே, குதிரையேறுமுன் அதன் முதுகையும் குளம்பையும் ஒருமுறை நோக்குங்கள். "இப்போது வேண்டாம்" என்று கூறத் துணிந்தவரிடமே நம் குழந்தைகளை நம்பி ஒப்படைக்கலாம்.