பன்னிரண்டு ஜிமெயில்

மே 12

கூகுள் பிளே ஸ்டோரில் செயலி போடக் காசு பெரிய சிக்கல் இல்லை. 25 டொலர், ஒரே தடவை கட்டினால் போதும். ஆள் சேர்ப்பதுதான் பாடு. 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்குத் திறந்தவர்கள், சோதனைக்கென்று ஆட்களைப் பிடித்து, 14 நாள் விடாமல் வைத்திருந்தால்தான் பொதுவில் வெளியிட அனுமதி கேட்க முடியும். முதலில் 20 பேர் என்றார்கள், பிறகு 12 ஆக்கினார்கள். கொழும்பில் ஒரு ஐ.டி. கம்பனி என்றால் டீ நேரத்தில் முடிகிற காரியம். வீட்டார் தங்களுக்குள் படங்களை ஆல்பமாகப் பகிர்கிற செயலி செய்கிற நாங்கள் இருப்பது புசல்லாவை டவுனில், போன் கடைக்கு மேலே ஒற்றை அறை. மூன்று பேர், இரண்டு லெப்டொப்.

ஒவ்வொரு சோதனையாளருக்கும் ஜிமெயில் முகவரி வேண்டும். எல்லோருடைய போனிலும் ஒன்று இருக்கிறது, அது என்னவென்றுதான் யாருக்கும் தெரியாது. போன் வாங்கிய அன்று கடைப் பையன் வாய்க்கு வந்த பெயரில் திறந்து கொடுத்தது. ஓட்டோ ஸ்டாண்டில் ஒரு அண்ணனின் போனை வாங்கிப் பார்த்தால், முகவரி ஏதோ ஒரு சினிமா நடிகர் பெயரில் தொடங்கி நீள இலக்கத்தில் முடிகிறது. "அது நான் இல்ல தம்பி, வேற யாரோ" என்று போனை அவசரமாகத் திருப்பி வாங்கிக்கொண்டார். உங்களுடையதுதான் என்று நம்பவைக்க ஒரு பிளேன்டீ செலவானது.

மே 15

மழை தொடங்கிவிட்டது. இனி தோட்டத் தொழிலாளர் லயத்துக்குள் சிக்னல் ஒரு கோடு, வாசலில் இரண்டு, மேற்பிரிவுக் கோயில் படிக்கட்டில் ஏறினால் முழுசாக. எங்கள் சேவையின் உயிர் இந்தப் படிக்கட்டுக்கும் வாசலுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

போன் எடுக்கிற படம் ஒன்று மூன்று, நான்கு எம்.பி. வரும். அதை அப்படியே ஏற்றினால் டேட்டாவும் போச்சு, பொறுமையும் போச்சு. நீளப் பக்கத்தை 1,280 பிக்சலுக்குக் குறைத்தால் முந்நூறு கே.பி. அளவில் நிற்கிறது, முகம் தெளிவாகத் தெரிகிறது. இன்ஸ்டகிராம் 2010இல் வந்தபோது அதன் படங்கள் 612 பிக்சல் சதுரம்தான். இன்று பார்த்தால் தபால் தலை மாதிரி, அன்றைய ஐபோன் திரைக்கு அது தாராளம். அந்தச் செயலி வேகமாகத் தோன்றியதற்கு இன்னொரு தந்திரமும் உண்டு: ஆள் படத்துக்குக் கீழே என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, படம் பின்னால் ஏறத் தொடங்கிவிடும். 'போடு' என்று அமுக்குகிற நேரத்தில் வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்கும். இன்ஸ்டகிராமை உருவாக்கிய இருவரில் ஒருவரான மைக் க்ரீகர் இதைப் பின்னாளில் விரிவாகப் பேசியிருக்கிறார். விருப்பக் குறியைத் தொட்டால், சேவர் ஏற்றுக்கொள்ளும் முன்பே திரையில் சிவந்துவிடும் என்பதும் அதே வழி.

எங்கள் புரோகிராமர் தம்பி இதைப் படித்துவிட்டு, பொத்தானைத் தொட்டவுடன் "அனுப்பியாச்சு" என்று காட்டினான். எனக்கு ஒப்பவில்லை. கலிபோர்னியாவில் அந்தப் பொய்யின் ஆயுள் ஒரு வினாடி. இங்கே மழைநாளில் அது ராத்திரி வரை நீளும். மகளின் படம் போய்விட்டது என்று நம்பி இங்கே ஒருத்தி படுத்துவிடுவாள், அங்கே ஒருத்தி முழித்துக்கொண்டிருப்பாள். வாக்குவாதம் முற்றி, கடைசியில் "சிக்னல் கிடைச்சதும் தானாப் போகும்" என்று மாற்றினோம். செயலியை மூடிவிட்டாலும் படம் வரிசையில் காத்திருக்கும். மாலையில் ஒரு அக்கா லயத்து வாசலில் படத்தைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு நடந்தார். பஸ் நிறுத்தத் திருப்பத்தில் எங்கள் திரையில் படம் விழுந்தது. போன் அவர் பைக்குள்தான் கிடந்தது.

மே 23

போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற அண்ணன் கேட்டுவிட்டார்: "வாட்ஸ்அப் இருக்கிறப்ப இது எதுக்கு?" நியாயமான கேள்வி. பதிலும் அவர் கடையிலேயே இருக்கிறது. கல்யாணப் படத்தைத் திரும்பக் கேட்டு வருகிறவர்கள் சொல்வது ஒரே காரணம்: போன் நிறைந்துவிட்டது, எல்லாவற்றையும் அழித்தோம். வாட்ஸ்அப்பில் வந்த படம் காலை வணக்கப் படங்களோடு சேர்ந்தே அழிந்துபோகிறது; எங்கள் ஆல்பத்தில் போட்டது சேவரில் நிற்கும்.

ஆனால் எல்லோருக்கும் எல்லாவற்றையும் காட்டுகிற சந்தை வேண்டாம் என்று முன்பே முடிவு. 2011இல் கலர் என்று ஒரு செயலி, ஆள் சேரும் முன்பே 41 மில்லியன் டொலர் முதலீட்டோடு வந்தது. பக்கத்தில் இருக்கிறவர்கள் எடுக்கிற படமெல்லாம் உங்கள் திரையில் விழும் என்பது யோசனை. பக்கத்தில் யாரும் அதை வைத்திருக்காவிட்டால்? வெறும் திரை. பலர் திறந்தார்கள், ஒன்றுமில்லை, மூடினார்கள். அடுத்த வருடமே கடையைக் கட்டியாயிற்று. பாத் என்ற செயலி எதிர்த்திசையில் போய், 50 பேருக்கு மேல் சேர்க்கவே முடியாது என்று தொடங்கியது. எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் 2012இல் அது ஆட்களின் தொலைபேசி முகவரிப் புத்தகத்தைக் கேட்காமலே தன் சேவருக்கு இழுத்துக்கொண்டது வெளியே வந்து, பெயர் கெட்டது. ஆகவே எங்கள் செயலி கொன்டக்ட் பட்டியலைத் தொடாது. ஆல்பத்துக்கு ஒரு குறியீடு. அதை வீட்டார் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிக்கொள்ளட்டும். எதிரியின் தோளில் ஏறித்தான் போகிறோம், அதில் வெட்கமில்லை.

முந்திக்கொள்ளவில்லையே என்ற கவலையும் எனக்கில்லை. 1841இல் டி வோம்ஸ் சகோதரர்களில் ஒருவர் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகளை இந்தப் புசல்லாவையில்தான், ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். வியாபாரமாகவில்லை, கோப்பிதான் அப்போது ராஜா. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெயிலர்தான் பாடப்புத்தகத்தில் இருக்கிறார். இன்ஸ்டகிராமுக்கும் முன்னால் படத்துக்குப் பழைய நிறம் பூசுகிற ஹிப்ஸ்டமாட்டிக் இருந்தது.

ஜூன் 8

அனுமதி வந்தது. காலையிலேயே பொதுவில் விட்டோம்.

தம்பி சேவர் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழும்பவே இல்லை. இன்ஸ்டகிராம் வெளிவந்த 2010 ஒக்டோபர் 6ஐ நினைத்துக்கொண்டிருக்கிறான். அன்று கெவின் சிஸ்ட்ரமும் க்ரீகரும் லொஸ் ஏஞ்சலிஸில் வாடகைக்கு இருந்த ஒரே ஒரு சேவரை நம்பித் திறந்தார்கள். ஒரே நாளில் 25,000 பேர் ஏறினார்கள். சேவர் திணறியதற்குக் காரணங்களில் ஒன்று, உலாவி தன்பாட்டில் கேட்கிற ஒரு சின்ன ஐகன் கோப்பை வைக்க மறந்தது. இல்லாத கோப்பைத் தேடித் தேடியே சேவர் களைத்தது. தம்பி அந்தக் கோப்பை எங்கள் சேவரில் மூன்று முறை சரிபார்த்தான். எங்கள் வரைபடமோ உச்சிவேளை வரை தட்டையாகவே கிடந்தது. ஓட்டோ அண்ணன் மட்டும் தன் வண்டியைப் பல கோணத்தில் எடுத்துப் போட்டிருந்தார்.

பின்னேரம் முதல் உண்மையான ஆல்பம் வந்தது. கீழ்ப்பிரிவில் ஒரு பிள்ளைக்குச் சடங்கு. அம்மா குவைத்தில் வீட்டுவேலைக்குப் போனவர், வரமுடியவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதிலிருந்து படங்களைச் சித்தி ஒருத்தி போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றில் மாமன் சீர்த்தட்டோடு நிற்கிறார், பின்னால் பாதி மறைந்து, காதில் போனோடு யாரோ. அங்கே அம்மாவுக்கு வேலை முடிய இரவு பத்தாகும். அப்போது நமக்குப் பன்னிரண்டரை. அந்த நேரத்துக்கு ஆல்பம் குவைத்திலிருந்து திறந்தது. ஒவ்வொரு படமாக, அவசரமில்லாமல் நகர்ந்தது. மாமன் நிற்கிற படம் நெடுநேரம் திறந்தே இருந்தது. இதையெல்லாம் நாங்கள் பார்க்க முடிகிறது என்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. யார் எந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற பதிவை நாளைக்கே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். தம்பி முறைத்தான். இன்ஸ்டகிராமைப் பேஸ்புக் 2012இல் ஒரு பில்லியன் டொலருக்கு வாங்கியபோது, அங்கே வேலை செய்தவர்கள் 13 பேர். அந்தப் பணம் இந்த மாதிரிப் பதிவிலிருந்துதானே அண்ணே வருகிறது என்கிறான். பாதி சரி.

ஜூன் 10

குவைத் அம்மாவிடமிருந்து முதல் கருத்து வந்திருக்கிறது, குரல் பதிவாக. படங்கள் நல்லா இருக்குதாம். விருப்பக் குறி, நிறம் மாற்றுவது எதையும் பற்றிப் பேச்சில்லை. அந்த மாமன் படத்தையும், பிள்ளை தனியாக நிற்கிற படத்தையும் பெரிசாகக் கழுவி, பிரேம் போட்டு லயத்துச் சுவரில் மாட்ட என்ன செலவாகும், காசை எந்தக் கணக்குக்குப் போடுவது என்று கேட்கிறார்.

கழுவுவதற்கு 1,280 பிக்சல் காணாது. மூலப்படத்தையும் வைக்க வேண்டும். வைஃபை கிடைக்கும்போது மட்டும் ஏறட்டும். ஸ்டூடியோ அண்ணனிடம் போய் எட்டுக்குப் பன்னிரண்டு என்ன விலை என்று கேட்டேன். "பிரேமோடயா, பிரேம் இல்லாமலா?" என்று கணக்குப் புத்தகத்தை எடுத்துவிட்டார். வாட்ஸ்அப் பேச்சு இன்று வரவில்லை. ஒரு படத்துக்கு எங்களுக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று நாளை உட்கார்ந்து பேச வேண்டும்.