இரண்டாம் ஆண்டில் வந்து சேர்பவர்

பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் வந்து சேர்பவர்களில் பெரும்பாலோர் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள். பேச்சுவழக்கில் இவர்கள் 'லேட்டரல்'. வேறு கல்லூரியில் ஓராண்டு படித்து இடமாற்றம் பெற்று வருபவர்கள் மிகச் சிலரே. முதலாண்டுப் பாடங்களை இவர்கள் மீண்டும் எழுத வேண்டியதில்லை. முதலாண்டில் உருவான நட்பு வட்டத்துக்குத்தான் அப்படி ஒரு விலக்கு இல்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கல்லூரிகள் நிறைய. பொத்தேரியிலோ காட்டாங்குளத்தூரிலோ இறங்கப் புறநகர் ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறுவது, கல்லூரிப் பேருந்தில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதெல்லாம் முதலாண்டிலேயே முடிவாகிவிடும். மாமல்லபுரம் கடற்கரைக்கு வகுப்பே திரண்டு போய்வந்த கதை அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் பேச்சில் இருக்கும். பட்டப்பெயர்கள் அங்கேதான் பிறந்திருக்கும்; காரணம் தெரியாதவர் சிரிப்பில் கலந்துகொள்ளலாம், அவ்வளவுதான். விடுதியிலும் அறைத்தோழர்கள் முன்பே சேர்ந்திருப்பார்கள், மிஞ்சிய கட்டில்தான் புதியவருக்கு.

வயதும் ஒரு குழப்பம். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ படித்தவர் வகுப்பினருக்குச் சம வயதினர். பிளஸ் டூ முடித்து, டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து வந்தவரோ ஒரு வயது மூத்தவர். அவரை 'அண்ணா' என்பதா, 'டேய்' என்பதா என்று சில வாரங்கள் தயக்கம் ஓடும். 'அண்ணா' என்பது மரியாதைதான். ஆனால் அப்படி அழைக்கப்படுபவரிடம் யாரும் தேர்வு பயத்தைப் பற்றிப் புலம்புவதில்லை.

இந்த ஒட்டாமைக்கு இடம் மாறுவது மட்டுமே காரணமல்ல. 2007இல் தொடங்கிய காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் முதல் சில ஆண்டுகள் ஐஐடி மெட்ராஸ் வளாகத்துக்குள் இயங்கி, பிறகு மேலக்கோட்டையூருக்கு வந்தது. (2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகும் பெயரில் காஞ்சிபுரமே நிற்கிறது.) மரங்களும் மான்களும் நிறைந்த வளாகத்தை விட்டுப் புறநகருக்கு வருவது இழப்புதான் என்றாலும், அங்கே கல்லூரியே சேர்ந்து இடம்பெயர்ந்தது. லேட்டரலாக வருபவர் தனியாக வருகிறார்; அவருடைய பாலிடெக்னிக் செட் பல ஊர்களுக்குச் சிதறிப்போயிருக்கும்.

வொர்க்‌ஷாப்பில் மட்டும் நிலைமை தலைகீழ். லேத்தில் கைபழகியவரைச் சுற்றி அங்கே கூட்டம் சேரும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதும் அது கலைந்து, அவரவர் பழைய பெஞ்சுக்குப் போய்விடும்.