பூதலூரில் இறங்க வேண்டிய நெல்

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் பாதை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்து போட்டுக்கொண்டு வந்த இந்தத் தடம் 1862-இல் திருச்சியை எட்டியது. டெல்டாவின் விளைச்சலை வெளியே கொண்டுபோவது அன்று முதல் இதன் முக்கிய வேலைகளில் ஒன்று. விளைச்சலோடு தொழிலும் போனது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1920-களின் இறுதியில் இதே வழியாகப் பொன்மலைக்குப் பெயர்ந்தது. திருச்சி ஒரு தொழில்நகரமாகத் தலையெடுத்ததில் அந்தப் பெயர்ச்சிக்குப் பெரும்பங்கு உண்டு. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் இருக்கும் பூதலூரின் வளர்ச்சியைப் பற்றி யோசிப்பவர்கள், இந்த இரண்டு நகரங்களின் புறநகராக அது எப்படி விரியும் என்றே கணக்குப் போடுகிறார்கள். டெல்டாவை விட்டு வெளியேறுவதில் எதை அங்கே நிறுத்திவைக்கலாம் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பொன்மலையை அடுத்துத் திருவெறும்பூர். 1960-களில் இங்கே பெல் கொதிகலன் ஆலை வந்தது. அதை நம்பி திருவெறும்பூரிலும் துவாக்குடியிலும் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் எழுந்தன. தகடு வளைக்கவும், குழாய் இணைக்கவும், அழுத்தம் தாங்கும்படி வெல்டிங் வைக்கவும் தெரிந்த கைகள் இவ்வளவு நெருக்கமாகத் தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆனால் அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் குறைந்தபோது பெல்லுக்கு வேலை குறைந்தது. பட்டறைகள் பலவற்றுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஒரே வாடிக்கையாளரை நம்பிய ஊருக்கு என்ன நேரும் என்பதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

தொண்டமான்பட்டி தாண்டிச் சோழகம்பட்டி வந்தால் தஞ்சாவூர் மாவட்டம். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. திருச்சி மாவட்டம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் சேரவில்லை. தஞ்சாவூர் நெடுஞ்சாலை தெற்கே செங்கிப்பட்டி, வல்லம் என்று செம்மண் மேட்டில் போகிறது. கல்லூரிகள், ஆலைகள், மனைப்பிரிவுகள் எல்லாம் சாலையைத்தான் பின்தொடர்ந்தன. ரயில் வயற்காட்டோடு நின்றுவிட்டது. பூதலூர் வட்டாரத்தில் அறுவடை முடிந்ததும் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் குவிகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அதனால் மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டே தார்ப்பாயை மூடுவதும் வெயில் வந்தால் விரித்துக் காயவைப்பதுமாக விவசாயிகள் காத்துக் கிடக்கிறார்கள். 40 கிலோ மூட்டையாகப் பிடித்த நெல்லில் பெரும்பகுதி லாரியில் தஞ்சாவூர் போய், சரக்கு ரயிலில் ஏறி, அரவைக்காக வெளிமாவட்டங்களுக்குப் போகிறது. ஒரு ரயிலுக்குச் சுமார் 2,000 டன். நூறு கிலோ நெல்லில் கிடைக்கும் அரிசி 67, 68 கிலோதான். உமி ஏறத்தாழ 20, தவிடு 8. அப்படியானால் ஒவ்வொரு ரயிலோடும் 400 டன் உமியும் 160 டன் தவிடும் கூலி கொடுத்து வெளியே அனுப்பப்படுகின்றன. உமி கொதிகலனுக்கு எரிபொருள், தவிடு எண்ணெய்க்கு மூலப்பொருள். இரண்டுமே இந்த மண்ணில் விளைந்தவை.

புழுங்கல் அரிசி ஆலைக்கு வேண்டியவை உமியில் எரியும் கொதிகலன், ஊறவைக்கும் தொட்டி, உலர்த்தும் இயந்திரம். திருவெறும்பூர்ப் பட்டறைகளின் கைப்பழக்கத்துக்கு இவை எட்டாத வேலையே அல்ல. நெல் இருக்கும் இடமும் கொதிகலன் செய்யத் தெரிந்த இடமும் ஒரே தண்டவாளத்தில் இருக்கின்றன. பூதலூரை ஆலைகளும் சேமிப்புக் கிடங்குகளும் கொண்ட அரவை நகரமாக்கினால் இரண்டு பக்கத்துக்கும் வேலை கிடைக்கும். வேளாண் மண்டலச் சட்டம் குறுக்கே நிற்கும் என்று சிலர் சொல்வது சரியல்ல. அது தடுப்பது உருக்காலைகளையும் தோல் பதனிடுதலையும் எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் போன்றவற்றை. அரிசி ஆலை அந்தப் பட்டியலில் இல்லை. நெல் நாள்பட நிற்கும், அரிசி அப்படி நிற்காது, எனவே சாப்பிடுகிற ஊருக்குப் பக்கத்தில் அரைப்பதே முறை என்ற வாதத்துக்கு வலு அதிகம். அதற்காக நெல் வெளியூருக்குப் போய்த்தான் காத்திருக்க வேண்டுமா? பூதலூரிலேயே கூரைக்குக் கீழே வைத்து மாதாமாதம் அரைத்து அனுப்பலாம். அறுவடை இல்லாத மாதங்களில் ஆலை சும்மா கிடக்குமே என்ற கவலையும் அதோடு தீரும். வெளிமாவட்ட ஆலைகள் நெல் குறைவதை எதிர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் விளையும் ஊர் தன் பங்கைக் கேட்பது நியாயமே.

எனக்கே தயக்கம் தருவது தண்ணீர். நெல் ஊறவைத்த கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் கல்லணைக் கால்வாய்ப் பாசனம்தான் கெடும். எனவே ஆலைகளைத் தனித்தனியே சிதறவிடாமல், தண்டவாளத்துக்குத் தெற்கே மேடாகும் நிலத்தில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒரே தொகுதியாக வைக்க வேண்டும். கொள்முதல் செய்யும் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு மட்டுமே அரைத்தால் திருவெறும்பூர் பட்ட பாட்டை இங்கேயும் படுவோம். பாரம்பரிய நெல் வகைகள், அவல், தவிட்டு எண்ணெய் என்று வெளிச்சந்தையும் வேண்டும். அதற்கான ஆராய்ச்சி ரயில் போய்ச் சேரும் தஞ்சாவூரிலேயே நடக்கிறது. 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய நிறுவனம்தான் இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருக்கிறது. வயலை மனையாக விற்றால் உடனே பெரிய பணம் கிடைக்கும் என்னும் விவசாயியை யாரும் குறைசொல்ல முடியாது; நெல்லுக்கு ஊரிலேயே கூடுதல் மதிப்பு வராத வரை அவர் கணக்கு சரிதான். ஆகவே பிளாட் கற்கள் நடப்படுவதற்கு முன்பே ஆலைத் தொகுதிக்கான இடத்தை நிலப்பயன்பாட்டுத் திட்டத்தில் ஒதுக்கிவிட வேண்டும்.